தாத்தாவின் கைப்பேசி பேசிய தமிழ்

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17, சனிக்கிழமை. தேர்வுக்குப் படித்துவிட்டு விடியற்காலையில்தான் கண்ணயர்ந்திருந்தேன். ஏழு மணிக்கெல்லாம் கூடத்தில் தாத்தாவின் கைப்பேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. நடிகர் விவேக் காலமாகிவிட்டார் என்ற செய்தி. சென்னையிலிருந்து, மதுரையிலிருந்து, மலேசியாவிலிருந்து, எங்கள் புளோக்கின் பத்தாவது மாடியிலிருந்து என்று நாலா திசைகளிலிருந்தும் அதே செய்தி வந்தது. நண்பகலுக்குள் அதற்கு ஒரு வால் முளைத்திருந்தது: ‘ஊசிதான் காரணம்.’

நடந்தது இதுதான். ஏப்ரல் 15ஆம் தேதி விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், ஊடகங்களின் முன்னிலையில், கொவிட்-19 தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பால் மயங்கி விழுந்தார். அதற்கு மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 59. இந்த நான்கு வரிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கும் எவரும் என்ன முடிவுக்கு வருவார்கள்?

அன்றிரவு தாத்தா என் அறை வாசலில் வந்து நின்றார். அவருக்கு அப்போது 76 வயது. அடுத்த வாரம் சமூக மன்றத்தில் தடுப்பூசிக்கு முன்பதிவு ஆகியிருந்தது. “ஏம்மா, நல்லா இருந்த மனுசன். ஊசி போட்டாரு, மறுநாளே விழுந்துட்டாரு. உன் படிப்புல இதுக்கு என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

நான் அப்போது உயிர் அறிவியல் இரண்டாம் ஆண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்லலாம். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, “அதெல்லாம் பொய் தாத்தா. வாட்ஸ்அப்புல வர்றதையெல்லாம் நம்பாதீங்க” என்றேன். அப்பா கூடத்திலிருந்தபடியே, கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்று பழமொழி ஒன்றை எடுத்துவிட்டார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை முன்பதிவை ரத்து செய்துவிட்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் உலகச் சுகாதாரத்திற்கான பத்து மிரட்டல்களைப் பட்டியலிட்டபோது, தடுப்பூசித் தயக்கத்தையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. ‘தயக்கம்’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தயக்கம் என்பது மறுப்பு அன்று. தயங்குபவர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர். என் தாத்தா கேட்டார். வீட்டில் பட்டப்படிப்புப் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கைப்பேசி சொன்னது.

அது எப்படிச் சொன்னது என்பதைப் பின்னாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தாத்தாவுக்குத் தட்டச்சு வராது. ஒலிவாங்கிப் படத்தை அழுத்தி, தமிழிலேயே கேட்பார். “ஊசி போட்டா மாரடைப்பு வருமா?” என்று கேட்டால், ஊசியும் மாரடைப்பும் தலைப்பிலேயே இருக்கும் காணொளிகள்தாம் முதலில் வந்து நிற்கும். கேள்வியில் இருந்த அச்சமே பதிலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஒன்றைப் பார்த்து முடித்ததும் அதைவிடக் கடுமையான தலைப்போடு அடுத்தது தானாக ஓடும். உயிர் அறிவியல் மாணவியான நான் அதையே ஆங்கிலத்தில் தேடினால் சுகாதார அமைப்புகளின் பக்கங்கள் வரும். இருவரும் ஒரே வீட்டில், ஒரே இணைய இணைப்பில்தான் இருந்தோம்.

இன்னொன்றும் இருந்தது. தாத்தா பார்த்த காணொளிகள் அனைத்தும் தமிழகத்தில் எடுக்கப்பட்டவை. விவேக் போட்டுக்கொண்டது கோவேக்சின். அப்போது சிங்கப்பூரில் போடப்பட்டவை ஃபைசரும் மொடர்னாவும். செய்யப்படும் முறையே வேறு. ஆனால் மொழிக்கு எல்லை இல்லை அல்லவா? ‘தடுப்பூசி’ என்ற ஒரே சொல், வடபழனியில் நடந்த ஒரு துயரத்தைப் பிடோக்கில் இருக்கும் ஒரு முதியவரின் நெஞ்சுவலியாக மாற்றிவிட்டது. தமிழ் உலகை இணைக்கிறது என்று நாம் மேடைதோறும் பெருமைப்படுகிறோமே, இதுவும் அந்த இணைப்புத்தான்.

விவேக்கின் இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் ஒரு முக்கியக் குழாய் முழுமையாக அடைபட்டிருந்தது என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் கூறினார்கள். அத்தகைய அடைப்புக்குக் காரணமான கொழுப்புப் படிவு ஒரு நாளில் வருவதன்று, ஆண்டுக்கணக்கில் சேர்வது. தடுப்பூசிக்குப் பிந்திய பாதிப்புகளை ஆராயும் இந்திய மத்திய அரசின் குழுவும் அவரது மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்று முடிவு செய்தது. அந்த முடிவு வெளியானது அக்டோபர் 2021இல். வதந்திக்கு அரை நாள் போதுமாக இருந்தது, விளக்கத்துக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த விளக்கத்தை யாரும் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை.

சிங்கப்பூரில் தமிழில் தகவல் இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், தமிழ் முரசு, ஒலி 96.8, வசந்தம் என்று எல்லா வழிகளிலும் செய்தி சொல்லப்பட்டது. அதற்காக உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கப்பட்ட அறிவிப்புத் தமிழில், தகுதிபெறும் மூத்தோர் எப்போதும் ‘ஊக்குவிக்கப்படுகிறார்கள்’. ஊக்குவிப்பவர் யார் என்பது தெரியாது. இலக்கணப் பிழை ஒன்றும் இராது. அப்படி யாரும் பேசுவதும் இல்லை. மறுபக்கத்தில், காணொளியில் வரும் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து, “ஐயா, அம்மா, உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சுக் கேளுங்க” என்று ஆரம்பிக்கிறார். கபசுரக் குடிநீரில் என்னென்ன சேருகிறது என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டுகிறார். சுக்கும் திப்பிலியும் தாத்தாவுக்குத் தெரியும், எம்ஆர்என்ஏ தெரியாது. தமிழக அரசே 2020இல் கபசுரக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் யாரை நம்பினார் என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

போதாக்குறைக்கு, அதிகாரபூர்வ ஆலோசனையும் நடுவில் மாறியது. கடுமையான ஒவ்வாமை வந்த வரலாறு உள்ளவர்கள் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னார்கள். சில மாதங்களில் தரவுகள் சேர்ந்த பிறகு, அவர்களிலும் பலர் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அறிவியலில் இது முன்னேற்றம். தாத்தாவின் கணக்கில் இது பேச்சு மாறுவது. மாறியதற்குக் காரணம் என்ன என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் கணக்கு வேறாகியிருக்கும்.

இந்தத் தலைமுறையினர் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், நண்பர்களே. அவர்களது தோளைப் பாருங்கள். பெரியம்மைக்குக் குத்திய தழும்பு பலருக்கு இன்னும் இருக்கிறது. 1958இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, சேபின் கண்டுபிடித்த வாய்வழி மருந்து ஏறத்தாழ 200,000 பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது. அமெரிக்கா அந்த மருந்துக்கு உரிமம் வழங்குவதற்கு முன்பே நடந்தது இது. அந்தப் பணியில் அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகத்தாருக்குப் பங்கு உண்டு. நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் முன்னோடி அது. நம் பாட்டிகளின் வயதுடையவர்கள்தாம் அந்தப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அன்று செய்தி சொன்னவர் தாதியாகவோ ஆசிரியராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ, முகம் தெரிந்த ஒருவராக இருந்தார். திரும்பக் கேள்வி கேட்க முடிந்தது.

தாத்தாவின் கதைக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 13 முதல், தடுப்பூசி போடாதவர்கள் காப்பிக் கடைகளிலும் உணவங்காடி நிலையங்களிலும் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்ற விதி வந்தது. முப்பது ஆண்டுகளாக எங்கள் புளோக்கின் கீழ்க் காப்பிக் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்த மனிதர், தேநீரைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு வந்து கீழ்த்தளத்துக் கல் நாற்காலியில் தனியாகக் குடித்தார். விதி தவறு என்று நான் வாதிட வரவில்லை. அந்த மாதங்களில் மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஆனால் அது தாத்தாவின் மனத்தை மாற்றவில்லை என்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். “கட்டாயப்படுத்தறாங்கன்னா உள்ள ஏதோ இருக்கு” என்ற ஒரு வரிதான் அவர் பேச்சில் கூடியது.

மாற்றியது வேறொருவர். நவம்பரில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க அவரை எங்கள் வட்டாரத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கிருந்த மருத்துவர் தமிழர். ஊசி போடவில்லை என்று தெரிந்ததும் ஏன் என்று கேட்கவில்லை. “எதப் பாத்துப் பயந்தீங்க? போன்ல இருந்தா காட்டுங்க ஐயா” என்றார். தாத்தா கொஞ்சம் தயங்கிவிட்டு எடுத்துக் காட்டினார். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அந்த மருத்துவர் காணொளியை முழுதாகப் பார்த்தார். பிறகு தாத்தாவிடம் பேசினார்.

“விவேக் போனது எனக்கும் வருத்தந்தான். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்லுவாங்கல்ல? ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான பேரு ஊசி போட்டுக்கிறாங்க. அதுல சில பேருக்கு அந்த வாரத்துல மாரடைப்பு வரத்தான் செய்யும். ஊசி இல்லாட்டியும் வந்திருக்கும். காக்காதான் தள்ளுச்சான்னு தெரியணும்னா, காக்கா உக்காராத மரத்துல எத்தன பழம் விழுதுன்னும் எண்ணணும். எண்ணிப் பாத்திருக்காங்க ஐயா. ரெண்டு மரமும் ஒண்ணுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒப்பீட்டுக் குழு பற்றி இரண்டு ஆண்டுகள் படித்திருக்கிறேன். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதைத் தமிழில் சொல்ல ஒரு காக்கையும் இரண்டு பனைமரங்களும் போதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் அதோடு நிறுத்தவில்லை. “நூத்துக்கு நூறு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம். அரிதா சில பேருக்கு இதயத் தசையில வீக்கம் வந்திருக்கு, பெரும்பாலும் வாலிபப் பசங்களுக்கு. உங்க வயசுக்கு அந்த ஆபத்து ரொம்பக் கம்மி. கொவிட் வந்தா வர்ற ஆபத்து ரொம்ப அதிகம்” என்றார். ‘அதெல்லாம் பொய்’ என்று நான் சொன்னதும் ஒருவகையில் பொய்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. காணொளியில் சொன்னவற்றில் ஒரு சிறு பகுதி உண்மை என்று தாத்தா வேறெங்காவது தெரிந்துகொண்டால், என்னைத்தானே அவர் பொய் சொன்னவள் என்று நினைப்பார்?

பத்து நிமிடங்கள் இருக்கும். இரண்டு வாரத்தில் தாத்தா முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார்.

இதை வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. காப்பிக் கடை மேசையில் தாத்தாவோடு உட்காருபவர்கள் மூவர். அவர்களில் மூத்தவர், 80 வயது, ஊசி போடாதவர், அந்த அக்டோபரில் கொவிட் தொற்றி மருத்துவமனையில் காலமானார். விவேக்கைப் பற்றிய காணொளியை அவருக்கு அனுப்பியது என் தாத்தா. ஊசி போட்டிருந்தால் அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு மனிதரை வைத்து அப்படிச் சொல்வதும் காக்கை பனம்பழக் கதையாகிவிடும். ஆனால் தாத்தா தமக்குள் என்ன சொல்லிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. அந்த நண்பரின் பெயர் இன்னும் அவர் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

ஒருவரை வைத்துச் சொல்ல முடியாததைப் பலரை வைத்துச் சொல்லலாம். 2021இல் சிங்கப்பூரில் கொவிட்-19ஆல் இறந்தவர்கள் 802 பேர். அவர்களில் 555 பேர் முழுமையாகத் தடுப்பூசி போடாதவர்கள், 247 பேர் போட்டவர்கள். 2022 ஜனவரியில் இந்த எண்கள் வெளியானதும், ‘ஊசி போட்ட 247 பேர் செத்துட்டாங்க, அரசாங்கமே ஒத்துக்கிச்சு’ என்று தாத்தாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எண் சரி, முடிவு தவறு. இம்முறை நான் மடிக்கணினியை மூடி வைத்தேன்.

“தாத்தா, ஒரு கல்யாணம். நூறு பேர் சாப்பிட்டாங்க. 87 பேர் சைவப் பந்தி, 13 பேர் அசைவப் பந்தி. மறுநாள் பத்துப் பேருக்கு வயித்து வலி. அதுல மூணு பேர் சைவம், ஏழு பேர் அசைவம். எந்தப் பந்தியில கோளாறு?” என்று கேட்டேன். யோசிக்காமல் “அசைவம்” என்றார். 2021 இறுதியில் சிங்கப்பூர் மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் இரண்டு ஊசி போட்டிருந்தார்கள். எஞ்சிய 13இல் பெரும்பகுதி சிறு பிள்ளைகள். ஆக, போடாத பெரியவர்களின் சிறு கூட்டத்திலிருந்துதான் அந்த 555 பேரில் பெரும்பாலோர் வந்திருக்கிறார்கள். தாத்தா சற்று நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, செய்தி அனுப்பியவருக்குக் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். பந்திக் கதைதான், அவர் பாணியில், மீன் குழம்போடு.

இப்போது நம்மைப் பற்றி. நம் விழாக்களில் ‘இணையத்தால் விளைவது நன்மையா தீமையா’ என்று எத்தனை முறை சொற்போர் நடத்தியிருப்போம்! இரு தரப்பிலும் நானே பேசியிருக்கிறேன், கோப்பையும் வாங்கியிருக்கிறேன். அதே நான் நோய் எதிர்ப்பாற்றல் என்றால் என்ன என்று பாட்டிக்கு இரண்டு நிமிடம் தமிழில் சொல்ல முடியாமல் திணறியிருக்கிறேன். மேடைத் தமிழ் ஒன்று வைத்திருக்கிறோம், அடுக்களையில் பேச அரைகுறைத் தமிழ் ஒன்று வைத்திருக்கிறோம். படித்த அறிவு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சேலத்திலிருந்து பேசும் முகம் தெரியாத ஒருவரிடம் உடல்நலம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

2020இல் பெருந்தொற்றின்போது அரசாங்கம் மின்னிலக்கத் தூதர்களை அனுப்பி மூத்தோருக்குத் திறன்பேசிப் பயன்பாட்டைக் கற்றுக்கொடுத்தது. நல்ல முயற்சி. தகவலைச் சரிபார்க்கத் தேசிய நூலக வாரியம் 2013 முதலே ‘ஷூர்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. ஆங்கிலச் சொற்கள் நான்கின் முதலெழுத்துகள் அவை. என் தாத்தாவுக்கு அந்த நான்கும் ஒட்டவில்லை. ‘எந்த மரம், எந்தக் காக்கா’ என்பது ஒட்டியது.

மருத்துவமும் தாதிமையும் மருந்தியலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் நம் கழகத்தில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஓர் ஆண்டு, ஒரே ஆண்டு, ஒரு சொற்போரைக் குறைத்துக்கொண்டு, தங்கள் வீட்டுப் பெரியவருக்கு வந்த ஒரு செய்தியை எடுத்து, ஒரு நிமிடக் குரல்பதிவில் பேச்சுத் தமிழில் பதில் சொல்லிப் பார்க்கட்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும். முன்னாள் மாணவர்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுத் திருத்தித் தரட்டும். பெரிய திட்டமாக்கிச் சின்னமும் முழக்கவரியும் தேட வேண்டாம். அந்த வழியில் போனால் ஆறு கூட்டங்களுக்குப் பிறகு ஒரு சுவரொட்டி மட்டும்தான் மிஞ்சும். அனுபவத்தில் சொல்கிறேன்.

தேவை ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. கொவிட் அச்சம் ஓய்ந்தாலும், மூத்தோருக்குச் சளிக்காய்ச்சல் ஊசி, நிமோனியா ஊசி என்று வரிசை இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 60 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு அக்கித் தடுப்பூசிக்கும் மானியம் கிடைக்கிறது. அந்தச் செய்தியைக் கேட்டதும் பாட்டி சிரித்தார். “அக்கிக்கு ஊசியா? எங்க ஊர்ல கொயவர்கிட்ட காவி எழுதிக்குவாங்க” என்றார். ஊர் என்றால் அவர் அம்மாவின் ஊர். பாட்டி பிறந்தது இங்கேதான். பிறகு அவரே கைப்பேசியை நீட்டினார். ஒரு காணொளி. இந்த ஊசி போட்டால்தான் அக்கி வருமாம்.

உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்களின் நரம்புகளில் அந்தக் கிருமி அடங்கிக் கிடக்கும் என்றும், வயதாகி எதிர்ப்பாற்றல் குறையும்போது எழுந்து வந்து அக்கியாகும் என்றும் சொன்னேன். பாட்டிக்கு எட்டு வயதில் அம்மை போட்டு, வேப்பிலையில் படுக்க வைத்திருக்கிறார்கள். “அப்ப ஆத்தா இத்தன வருசமா உள்ளயேதான் இருக்காளா?” என்றார். ஆமாம் என்றேன். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் இதிலிருந்து அக்கி வராது என்றேன். கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் வலி நிற்கும் என்று சொன்னபோது, மூன்றாவது மாடிப் பெண்மணி சட்டை போடவே வலிக்கிறது என்று புலம்பியதை அவரே எடுத்துச் சொன்னார். இரண்டு ஊசி, நடுவில் சில மாத இடைவெளி, போட்ட பிறகு ஓரிரு நாள் உடம்பு வலிக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. நாற்பது நிமிடங்கள் ஆயின. தாம் சாப்பிடும் மூட்டுவலி மாத்திரையோடு இது சேருமா என்று கேட்டார். தெரியவில்லை, மருந்தாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் கேட்டுச் சொன்னேன். பாட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது நானும் கூட வர வேண்டுமாம். மூன்றாவது மாடிப் பெண்மணியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.